தூண் இருந்த இடம்

தட்டைக் கழுவிச் சம்பளம் வாங்குகிறவர்கள் உலகத்தில் உண்டு. அவள் தட்டை அழுக்காக்கிச் சம்பளம் வாங்கினாள்.

பாத்திரம் கழுவும் இயந்திரம் செய்கிற தொழிற்சாலையின் பின்பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஒரு நீண்ட அறை. அதுதான் சோதனைக்கூடம். காலை எட்டு மணிக்கு அவள் வெள்ளை மேலங்கியை மாட்டிக்கொண்டு, முட்டையின் மஞ்சள் கருவைத் தூரிகையால் தட்டில் பூச ஆரம்பிப்பாள். அடுத்த தட்டில் கீரை விழுது. அதற்கடுத்ததில் ஓட்ஸ் கஞ்சி. கிண்ணத்தில் அரைத்த இறைச்சி, கோப்பையில் தேநீர், கண்ணாடித் தம்ளரில் பால். எதில் எத்தனை கிராம், விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி என்று எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. பூசி முடித்ததும் அத்தனையையும் சூட்டுப் பெட்டியில் வைத்து இரண்டு மணி நேரம் காயவிடுவாள். சாப்பிட்ட தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டு இரண்டு நாள் ஊர் சுற்றப் போனவன் வீட்டு அழுக்கு மாதிரி, நகத்தால் சுரண்டினாலும் போகாதபடி அது இறுகியிருக்கும்.

பிறகு இயந்திரத்தின் கூடையில் அடுக்குவாள். எந்தத் தட்டு எந்தச் சட்டத்தில் என்று சுவரில் ஒரு வரைபடம் தொங்கும். கழுவி முடிந்ததும் ஒவ்வொரு தட்டையும் விளக்குப் பெட்டிக்குள் வைத்து, மிச்சம் ஒட்டியிருக்கும் புள்ளிகளை எண்ணுவாள். ஒரு புள்ளியும் இல்லையென்றால் ஐந்து மதிப்பெண். புள்ளி கூடக் கூட நான்கு, மூன்று, இரண்டு என்று இறங்கும். அவள் கண்ணுக்குத் தப்பிய புள்ளி அந்தக் கட்டடத்தில் கிடையாது. எல்லாரும் அவளை ‘அழுக்கக்கா’ என்றார்கள். அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தாள். பெயரில் அழுக்கு இருந்தால் என்ன, தட்டில் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

வயது நாற்பத்து மூன்று. பதினோரு வருடத்துக்கு முன்னால் கூட்டிப் பெருக்க வந்தவளை அந்த மாதமே தட்டு பூச வைத்தார்கள். தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வேலை செய்தால் நிரந்தரம் ஆக்கவேண்டும் என்று விதி. ஆகவே அவளுக்குப் பதினோரு மாத ஒப்பந்தம். பன்னிரண்டாவது மாதம் வீட்டில் இருக்கவேண்டும். அதற்கு ‘ஓய்வு மாதம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வயிற்றுக்கு ஓய்வு மாதம் கிடையாது என்பது விதியை எழுதியவருக்கும் தெரியும், அதை வளைத்தவருக்கும் தெரியும். பதினோரு முறை வளைத்தாயிற்று.

ஆனால் அந்த வேலையில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது. சோதனை இயந்திரங்களில் ஒன்றுக்குக் கண்ணாடிக் கதவு. உள்ளே ஒரு சின்ன விளக்கு. இயந்திரம் ஓடும்போது ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் எதிரில் உட்கார்ந்துவிடுவாள். அடிக்கூடைக்குக் கீழே ஒரு விசிறி. விசிறி என்று அவர்கள் சொன்னது துளை போட்ட ஒரு நீளக் குழாயை. துளைகளிலிருந்து தண்ணீர் சாய்ந்து பீறிட, அந்த வேகமே விசிறியைச் சுழற்றும். மேல்கூடைக்கு அடியிலும் அதே மாதிரி ஒன்று. மஞ்சள் வெளிச்சத்தில் அந்தத் தண்ணீர் தண்ணீராகவே தெரியாது. யாரோ நனைந்த பட்டுத்துணியை உதறிக்கொண்டே இருப்பதுபோல இருக்கும். ஆவி கண்ணாடியில் படிந்து, வழிந்து, மறுபடி படியும். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். தட்டில் விழும் நீருக்கு ஒரு குரல், கிண்ணத்தில் விழுவதற்கு ஒன்று, தம்ளருக்கு இன்னொன்று. சுற்று வந்து, சுற்று வந்து, மழை ஒரு தெருவைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போவதுபோல ஒலி நகரும். நேரம் ஊறிப்போன அவல் மாதிரி மெதுவாக வீங்கும். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

சோதனை முடிந்ததும் ஒரு படிவம் நிரப்பவேண்டும். தண்ணீரின் சூடு, அழுத்தம், உப்புத்தன்மை, சோப்புத் தூளின் எடை, மின்சாரம், அறையின் ஈரம் என்று இருபத்திரண்டு கட்டங்கள். இருபத்திரண்டையும் அவள் கையெழுத்தே நிரப்பியது.

விசிறியை வரைகிற பொறியாளருக்கு ‘தண்ணி சார்’ என்று பெயர். குடிக்கமாட்டார். பெயர் மட்டும்தான். ஒரு நாள் திறந்த இயந்திரத்துக்குள் தலையை விட்டபடி அவளைக் கூப்பிட்டார்.

“அக்கா, இந்தத் தூணைப் பாருங்க. கூடத்துக்கு நடுவுல மாட்டைக் கட்டிப் போட்ட மாதிரி நிக்குது.”

அடிக்கூடையின் நடுவில் நிற்கும் தூணைச் சொன்னார். கீழேயிருந்து தண்ணீர் அந்தத் தூண் வழியாகத்தான் மேல்கூடைக்கு ஏறும். அது நிற்கிற இடத்தில் தட்டு வைக்க முடியாது, பெரிய பாத்திரம் எதுவும் படுக்காது.

“எடுத்துடப் போறேன்.”

“எடுத்துட்டா மேல எப்படிப் போகும் சார்? ஏணி வெச்சா?”

“முதுகுப் பக்கமா குழாய் விட்டு ஏத்திடுவேன். நடுவுல எவ்வளவு இடம் கிடைக்கும் பாருங்க. பன்னண்டு தட்டு நிக்கற இடத்துல பதினாலு நிக்கும்.”

எடுத்துவிட்டார். பதினான்கு நின்றது. அவள் முப்பது சோதனை செய்தாள். முப்பதிலும் எல்லாத் தட்டுக்கும் ஐந்து. அறையில் கைதட்டினார்கள். மேலாளர் வந்து, தோல் உறை போட்ட கோப்பைத் திறந்து அவளிடம் ஒரு தாளைக் காட்டினார். அவளை நிரந்தரமாக்கும் உத்தரவு. பதவி: முதுநிலை அடுக்குநர்.

“இந்த மாடல் கடைக்குப் போற அன்னைக்குக் கையெழுத்து போட்டுடறேன்மா. கூடத்துலயே தங்கமான கை உங்களுது.”

அவள் அந்தத் தாளைத் தொடவில்லை. கையில் முட்டை இருந்தது. தூரத்திலிருந்தே இரண்டு முறை படித்தாள். பன்னிரண்டாவது மாதம் இல்லாத ஒரு வருடம் எப்படி இருக்கும் என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கடைக்குப் போவதற்கு முன்னால் பத்து வீடுகளில் புது இயந்திரத்தை வைத்துப் பார்ப்பது வழக்கம். ஊழியர் வீடு ஒன்றாவது இருக்கட்டும் என்று ஒன்றை அவள் வீட்டுக்கும் அனுப்பினார்கள். அவள் கணவர் தையற்காரர். முன்னறையிலேயே தையல் இயந்திரம் போட்டிருந்தார். வீட்டுப் பாத்திரம் முழுக்க அவர் பொறுப்பு.

“பொண்டாட்டி ஊருக்கே தட்டை அழுக்காக்கறா. புருஷன் வீட்டுல கழுவறான். ஜோடிப் பொருத்தம் பாத்தவன் வாயில சர்க்கரை போடணும்” என்பார் வாடிக்கையாளர்களிடம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்தான் அடுக்கினார். ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால் நடுவில் இருந்த மூன்று தட்டுகளில் முட்டை வளையம் அப்படியே இருந்தது. ஒரு கிண்ணத்தின் அடியில் பழுப்பு.

“என்னங்க இது? அடுக்கச் சொன்னா சீட்டுக்கட்டு மாதிரி செருகி வெச்சிருக்கீங்க.”

“படத்துல போட்ட மாதிரிதானே வெச்சேன்?”

“படம் யார் வேணா பாக்கலாம். கை வேணும்ங்க, கை.”

“ஆமா, உன் கை தங்கக் கை. என் கை அகப்பை. முப்பது வருஷமா ஒரு வாடிக்கைக்காரன் என் கையில குத்தம் சொன்னதில்ல. நீதான் முதல் ஆளு.”

அதே தட்டுகளை அவள் மறுபடி அடுக்கினாள். அதே சட்டங்களில்தான். பளிச்சென்று வந்தது. “பாத்தீங்களா?” என்றாள். மூன்று நாள் அந்த வெற்றியில் நடந்தாள். அவர் மூன்று நாளும் அவள் பக்கம் திரும்பாமல் சட்டைக்குப் பொத்தான் தைத்தார்.

நான்காம் நாள் வீடு வீடாகப் போய்ப் பழுது பார்க்கும் மெக்கானிக் சோதனைக்கூடத்துக்கு வந்தார். ஒல்லியாக, வளைந்து வளைந்து நடப்பார். ‘திருகாணி’ என்று பெயர்.

“ஒம்பது வீட்டுல ஏழு வீடு புகார்க்கா. எல்லாம் ஒரே கதை. நடுவுல வெச்சது வெளுக்கல.”

“அடுக்கத் தெரியலையோ என்னவோ.”

“அதைத்தான் மேலயும் சொல்றாங்க. ஒரு வீட்டுல வாத்தியாரம்மா ஒருத்தங்க ஸ்கேல் வெச்சு அளந்து அடுக்கியிருக்காங்கக்கா. படத்துக்கும் கூடைக்கும் ஒரு நூல் வித்தியாசம் இல்ல. இன்னொரு வீட்டுல மாமியார் சொல்றாங்க, மெஷினுக்குக்கூட உன் கை பிடிக்கலடின்னு. அந்தப் பொண்ணு என் எதிரிலயே அழுவுது. நான் ஸ்பேனரைக் கையில வெச்சுக்கிட்டு எங்க பாக்கறதுன்னு தெரியாம நின்னேன்.”

அடுக்கத் தெரியவில்லை. அவளே சொன்ன வார்த்தைதான். கணவரிடம் சொல்லும்போது வேடிக்கையாக இருந்தது. அழுகிற ஒரு பெண்ணின் மேல் அது போய் விழுந்ததும் வேறு மாதிரி ஒலித்தது.

மறுவாரம் மேலாளர் தீர்வைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். ‘முறையாக அடுக்காததால் ஏற்படும் குறைகளுக்கு நிறுவனம் பொறுப்பல்ல’ என்று ஒரு துண்டுத்தாள். கூடவே ஒரு குறும்படம். அதில் அவள் கைகள் மட்டும் வரும், முகம் வராது. முறையாக அடுக்குவது எப்படி என்று அந்தக் கைகள் ஊருக்குச் சொல்லித் தரும்.

“வீட்டுல இருக்கறவங்க உங்க கையைப் பாத்துக் கத்துக்கட்டும்மா” என்றார். பணம் கொடுத்து வாங்கியவர்கள் கற்றுக்கொள்ளவேண்டும். விற்றவர் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. பொருள் வேலை செய்யவில்லையென்றால் வீட்டுப் பெண்ணின் கையைச் சொல்வது எவ்வளவு மலிவான விஞ்ஞானம்! அதற்கு ஆய்வுக்கூடமே வேண்டாம்.

படம் பிடிக்க வந்தவர் அவள் நகங்களைப் பார்த்து, வெட்டச் சொல்லி, விளக்கைத் திருப்பி வைத்தார். பக்கத்தில் கதவு அகலத்துக்கு ஒரு திரை. அவள் பதினான்கு தட்டையும் அடுக்கி முடித்தாள். எடுத்ததை அவர் மெதுவாக ஓட்டிக் காட்டினார்.

திரையில் இரண்டு பெரிய கைகள் மிதந்தன. அவளுடையவைதான், ஆனால் யாருடையவோ போலவும் இருந்தன. தண்ணீருக்கு அடியில் நடப்பது மாதிரி அவை போய்வந்தன. ஒரு தட்டு இறங்கி, சட்டத்தில் நின்றது. வரைபடத்தின்படி வேலை அங்கே முடிந்துவிட்டது. ஆனால் கை உடனே விலகவில்லை. கட்டைவிரல் தட்டின் விளிம்பில் ஒரு கணம் தங்கி, அதை ஒரு நெல்லளவு சாய்த்தது. அடுத்த தட்டையும் சாய்த்தது. நடுவில் நின்ற மூன்றை மட்டும் லேசாகப் பக்கவாட்டில் திருப்பியது, நெரிசல் பேருந்தில் பின்னால் வருகிறவருக்கு வழிவிட ஒருவர் தோளைத் திருப்புவதுபோல.

“அந்த விரல் சேட்டை நல்லா இருக்கு. அப்படியே இருக்கட்டும்” என்றார் படம் பிடிப்பவர்.

“எந்த விரல்?”

“உங்க கட்டைவிரல்தான். தெரியாமலா செய்யறீங்க?”

அவளுக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

மதிய இடைவேளையில் சாப்பிடப் போகவில்லை. கண்ணாடிக் கதவு இயந்திரத்தில் நடந்துகொண்டிருந்த சோதனையின் எதிரில் வாளியில் உட்கார்ந்தாள். அதன் வெதுவெதுப்பான பக்கவாட்டில் தலையைச் சாய்த்தாள். கண் செருகியது.

கனவில் அவள் தட்டாக இருந்தாள். வெள்ளையாக, வட்டமாக, நடுவில் நின்றிருந்தாள். முகத்தில் மஞ்சள் காய்ந்து இழுத்தது. வலது பக்கம் ஒருத்தி, இடது பக்கம் ஒருத்தி, தோளோடு தோள். எல்லாரும் எதற்கோ காத்திருந்தார்கள். தூரத்தில் மழை கிளம்பியது. அது ஓரத்துத் தட்டுகளின் மேல் விழுந்தது, அவர்கள் சிரித்தார்கள். வட்டமாகச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் வந்தது. அவளுக்கு மழையின் மணம் வந்தது, ஈரக் காற்று வந்தது, மழை வரவில்லை. மறுபடி சுற்றி வந்தது. மறுபடியும் அவளைச் சுற்றிக்கொண்டு போனது. யாரோ மேலேயிருந்து, “உனக்கு நிக்கத் தெரியல” என்றார்கள். கொஞ்சம் திரும்பினால் போதும், ஒரு நெல்லளவு. திரும்பப் பார்த்தாள். தட்டுக்கு விரல் கிடையாது.

விழித்தபோது கன்னம் இயந்திரத்தின் சூட்டில் சிவந்திருந்தது.

எந்தத் தெய்வமும் கனவில் வந்து எதையும் சொல்லிவிடவில்லை. பதினோரு வருடமாகக் கண்ணை மூடிக் கேட்ட காதுதான் தனக்குத் தெரிந்ததை ஒரு தரம் மனசுக்குச் சொன்னது. அவள் எழுந்து புது மாடலின் கதவைத் திறந்து, கூடையை வெளியே இழுத்து, விசிறியை விரலால் சுற்றிவிட்டுப் பார்த்தாள். துளைகள் எல்லாம் விசிறிக் குழாயின் இரண்டு கைகளிலும் இருந்தன. சுழலும் நடுக்குமிழில் ஒரு துளைகூட இல்லை. முன்பு அந்தக் குமிழுக்கு மேலே தூண் நின்றது. அங்கே யாருக்கும் தண்ணீர் தேவைப்படவில்லை. இப்போது அங்கே தட்டுகள் நிற்கின்றன, முன்னைவிட நெருக்கமாக. சாய்ந்து வருகிற நீர் அடுத்தவர் முதுகில் பட்டுத் திரும்பிவிடுகிறது. சோதனைக்கூடத்தில் மட்டும் ஒரு கட்டைவிரல் வழி திறந்துவிட்டுக்கொண்டிருந்தது.

இடம் கொடுத்தார்கள். தண்ணீர் கொடுக்கவில்லை.

சந்தேகத்தைச் சந்தேகமாகவே வைத்திருக்கிற ஆள் இல்லை அவள். கேன்டீன்காரரைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, இந்தப் படத்தைப் பாத்து இதை அடுக்குங்க.”

“நானா? டீ ஆறிடும்மா.”

“ஆறட்டும். அதையும் கோப்பையில ஊத்திக் காயவெச்சுக் கழுவிக்கறேன்.”

அவர் வரைபடத்தை ஒரு தரம், அவளை ஒரு தரம் பார்த்தார். “இது சரியா? சரியா?” என்று கேட்டுக் கேட்டு அடுக்கினார். அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கி உட்கார்ந்திருந்தாள். நடுத்தட்டுகளுக்கு இரண்டு மதிப்பெண். மறுநாள் ஒரு தரம், அதற்கு மறுநாள் இன்னொரு தரம். இரண்டு, மறுபடி இரண்டு.

படிவத்தை எடுத்தாள். தண்ணீரின் சூட்டுக்குக் கட்டம் இருந்தது. அறையின் ஈரத்துக்குக் கட்டம் இருந்தது. அடுக்கியவர் யார் என்பதற்கு மட்டும் இருபத்திரண்டில் ஒன்றும் இல்லை. தண்ணீர் ஒரு டிகிரி மாறினால் முடிவு மாறும் என்று அறிந்தவர்களுக்கு, ஆள் மாறினால் முடிவு மாறும் என்று தோன்றவேயில்லை. கூட்டிப் பெருக்க வந்தவளின் கை எப்படி ஒரு காரணி ஆகும்? அவமதிப்பாக ஆரம்பித்தது, கணக்கில் பிழையாகவே போய் முடிந்திருந்தது. அவள் ஓரத்து வெள்ளையில் எழுதினாள்: ‘அடுக்கியது கேன்டீன்காரர்.’

அன்று மாலை கணவரிடம் சொன்னாள். அவர் கத்தரியை வைத்துவிட்டுக் கேட்டார்.

“அப்போ அன்னைக்கு என் கை அகப்பைன்னு…”

“அதை நீங்கதான் சொன்னீங்க.”

“சொல்ல வெச்சது யாரு?”

“சரி, நான்தான்.”

“மன்னிப்பு மாதிரி ஏதாவது உண்டா?”

“ஒரு வாரம் பாத்திரம் நான் கழுவறேன். கையாலயே.”

அவர் சிரித்தார். அளவு நாடாவை அவர் விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

“இதைச் சொன்னா அந்த உத்தரவு போயிடும்ங்க. பதவியே அடுக்குநர்தான். அடுக்கற கைதான் தப்புன்னு நானே போய்ச் சொல்லணும்.”

“ம்.”

“என்ன ம்?”

“நிரந்தரம் நம்மகிட்ட எப்ப இருந்துச்சு, இப்ப போறதுக்கு?” என்றார். ஆனால் நாடாவைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. அவருக்கும் பன்னிரண்டாவது மாதங்கள் நினைவிருந்தன.

மேலாளர் படிவத்தின் ஓரத்தைப் படித்து முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. தண்ணி சாரும் அந்த அறையில் இருந்தார்.

“கேன்டீன்காரரை யாரு உள்ள விட்டது?”

“அவர் வீட்டுலயும் தட்டு இருக்கு சார்.”

“ஏம்மா, உங்க கை நல்ல கைன்னு ஊரே சொல்லுது. நீங்களே குத்தம் சொல்றீங்க. நல்லாதான் இருக்கீங்களா?”

“தராசுல கடைக்காரர் விரல் வெச்சா, நல்ல விரல்னு சொல்வோமா சார்? பதினோரு வருஷமா என் விரல் தராசுல இருந்திருக்கு. எனக்கே தெரியல. இப்பத் தெரிஞ்சுபோச்சு.”

“படத்தை நல்லாப் பாத்தா எல்லாரும் கத்துக்குவாங்க.”

“நெல்லளவு சாய்க்கறதை எந்தப் படம் சார் சொல்லித் தரும்? நான் கால்வாசி ஆயுசு இதுக்கு எதிரிலயே உக்காந்து கத்துக்கிட்டது. வாங்கினவங்க எல்லாரும் பதினோரு வருஷம் உக்காரணுமா? அந்தப் பொண்ணு எத்தனை நாள் அழணும்?”

மேலாளர் அந்தத் தோல் உறைக் கோப்பை எடுத்தார். “உங்களுக்கு இந்த உத்தரவு வந்ததே அந்த விரலுக்குத்தான். விரல் வேணாம்னா…” முடிக்கவில்லை. அதை இழுப்பறையில் வைத்து மூடினார். இழுப்பறை மூடுகிற சத்தத்தை அவள் காது தனியாகக் கேட்டது. ஈரமில்லாத சத்தம்.

வெளியே வந்ததும் தண்ணி சார் அவள் பக்கம் திரும்பினார். காது மடல் சிவந்திருந்தது.

“தூணைத் திரும்ப வைக்கச் சொல்றீங்களா?”

“வேணாம் சார். தூண் இருந்த இடத்துக்கும் தண்ணி விடச் சொல்றேன்.”

அவர் விறுவிறுவென்று போய்விட்டார். மறுநாள் காலை அவள் வந்தபோது வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் கண்ணாடிக் கதவின் எதிரில் உட்கார்ந்திருந்தார். உள்ளே புது மாடலின் விசிறியை மாட்டியிருந்தார், கூடையையும்.

“சொல்லுங்கக்கா. எதைக் கேக்கணும்?”

“கண்ணை மூடுங்க. சத்தம் இல்லாத இடத்தைக் கேளுங்க.”

அவர் மூடினார். அவளும் இன்னொரு வாளி போட்டு உட்கார்ந்தாள். விளக்கு எரிந்தது, ஆவி படிந்து வழிந்தது, நீர் சுற்றி வந்தது. காலை வேலைக்கு வந்தவர்கள் அந்த இருவரையும் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் விலகி நடந்தார்கள். நெடுநேரம் கழித்து அவர் மெதுவாக, தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரி, “ஒவ்வொரு சுத்துலயும் நடுவுல ஒரு மூச்சு விட்டுப்போகுது” என்றார்.

“அதேதான் சார்.”

அடுத்த ஏழு வாரம் அவர் வரைந்தார், கிழித்தார், வரைந்தார். நடுக்குமிழின் மேல் ஒரு சின்ன வட்டத் தகட்டை வைத்து, மேல்நோக்கி ஐந்து துளை போட்டார். சட்டங்களின் இடைவெளியைக் கொஞ்சம் அகட்டினார். ஒரு தட்டுக்கான இடம் போனது. பதினான்கு என்று அச்சடித்திருந்த விளம்பரத்தை மேலாளர் வேதனையோடு பதின்மூன்று ஆக்கினார்.

இம்முறை அவள் அடுக்கவில்லை. பூசினாள், காயவைத்தாள், எண்ணினாள். காவலாளி அடுக்கினார். லாரி ஓட்டுநர் அடுக்கினார். திருகாணி போய் அந்த வாத்தியாரம்மாவையே கூட்டிவந்தார். அவர் ஸ்கேலோடு வந்தார். “இந்தத் தடவை அளக்காம போடுங்கம்மா, கோவமா இருக்கற அன்னைக்குப் போடற மாதிரி” என்றாள் அவள். வாத்தியாரம்மா அதை நன்றாகவே செய்தார். நான்கு, ஐந்து, ஐந்து, நான்கு. லாரி ஓட்டுநரின் கிண்ணம் ஒன்றுக்கு மட்டும் பூஜ்யம். வாயை மேலே பார்க்க வைத்திருந்தார், அதில் தண்ணீர் குளம் மாதிரி நின்றது. கவிழ்க்காத கிண்ணத்துக்கு எந்த விஞ்ஞானமும் ஜாமீன் நிற்காது.

துண்டுத்தாள் கட்டுக்கட்டாகப் பழைய காகிதக்காரருக்குப் போனது. குறும்படம் வெளிவரவில்லை. படிவத்தில் இருபத்து மூன்றாவதாக ஒரு கட்டம் வந்தது: அடுக்கியவர். அதைச் சேர்க்கச் சொன்னது தானே என்று மேலாளர் ஒரு கூட்டத்தில் சொன்னதாகக் கேள்வி. அந்த உத்தரவு இழுப்பறையிலிருந்து வெளியே வரவில்லை. வருடம் முடிந்ததும் வழக்கம்போல ‘ஓய்வு மாதம்’ வந்தது.

அந்த மாதத்தில் ஒரு நாள் திருகாணி அவள் வீட்டுப் பழைய இயந்திரத்தை எடுத்துக்கொண்டு, திருத்தியதை வைத்துவிட்டுப் போனார். போகும்போது, “அந்த வீட்டுப் பொண்ணுக்கும் மாத்திட்டேன்க்கா. இப்ப மாமியார் அடுக்கறாங்க” என்று சொன்னார்.

மதியச் சாப்பாடு முடிந்து கணவர் அடுக்கினார். தையலுக்கு இடையில் எழுந்து வந்ததால் வாயில் இரண்டு குண்டூசி. வேண்டுமென்றே சீட்டுக்கட்டு மாதிரி செருகினார். ஒரு தட்டை வைத்ததும் ஓரக்கண்ணால் அவளைப் பார்ப்பார், அடுத்ததை வைப்பார்.

“எதாவது சொல்லணும்னா சொல்லு.”

“நான் ஒண்ணும் சொல்லல.”

“கை துடிக்குதே.”

“துடிக்கட்டும். நீங்க மூடுங்க.”

கதவு மூடியது. இதற்குக் கண்ணாடி இல்லை, விளக்கும் தெரியாது. அவள் சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். முன்னறையில் தையல் இயந்திரம் ஓடியது. இங்கே தண்ணீர் கிளம்பியது. ஓரத்தில் ஆரம்பித்து, தட்டு தட்டாகத் தொட்டுக்கொண்டு உள்ளே வந்தது. நடுவுக்கு வரும்போது அவள் மூச்சைப் பிடித்தாள். ஒலி அறுந்துபோகவில்லை. தூண் இருந்த இடத்திலும் மழை பெய்தது.

மடியில் கிடந்த அவள் கட்டைவிரல் மட்டும், யாரும் கேட்காமலே, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நெல்லளவு சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது.